கிதுல்கலவின் வெள்ளை நீரும் நம் குளத்து நீரும்

உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் சுற்றுலாப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பெயர் தவறாமல் வந்து விழுகிறது: கிதுல்கல. நுவரெலியா, கண்டி, காலி எல்லாம் பார்த்தாயிற்று, இம்முறை ஆற்றில் படகு விட வேண்டும் என்கிறார்கள். யாரோ ஒரு மச்சி அனுப்பிய வீடியோவில் நீலநிற ரப்பர்ப் படகொன்று வெண்ணுரைக்குள் மறைந்து, மறுகணம் மேலெழுந்து வரும். படகில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளை அந்த வீடியோவைக் கொண்டுபோய், "உம்மா, நாங்களும் போகட்டுமா?" என்று கேட்கும். உம்மா வாப்பாவைப் பார்ப்பார். வாப்பா, "ஆறு விளையாட்டில்லை மகள்" என்று சொல்லிவிடுவார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

வாப்பா சொன்னதில் பிழையில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். ஆறு ஏன் விளையாட்டில்லை, எந்த நீர் எப்போது ஆளை விழுங்குகிறது, எதைச் செய்தால் அது விழுங்காது என்பதெல்லாம் தெரிந்தபின் சொல்லப்படும் "போகலாம்" அல்லது "வேண்டாம்" என்பதற்குத்தான் பெறுமதி உண்டு. நெளுக்குளம் போன்ற ஊர்களில் வளரும் எமக்குக் குளம் தெரியும், வாய்க்கால் தெரியும், மாரியில் மட்டும் ஓடி வைகாசியில் மணலாகிவிடும் ஆறுகள் தெரியும். ஆண்டு முழுவதும் பாறைகளுக்கிடையே பாய்ந்தோடும் மலைநாட்டு ஆறு நமக்குப் புதிது. ஆகவே முதலில் இடத்தைப் பார்ப்போம்.

கிதுல்கல கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் ஏ-7 வீதியில் இருக்கிறது. கித்துள் என்றால் கூந்தற்பனை, கல என்றால் பாறை. நமக்குப் பனை எப்படியோ அப்படி அவர்களுக்குக் கித்துள். அதன் பூந்தண்டைச் சீவி எடுக்கும் பதநீரிலிருந்து பாணியும் கருப்பட்டியும் செய்வார்கள். வவுனியாவிலிருந்து போகிறவர்கள் தம்புள்ளை, குருநாகல், கேகாலை வழியாக இறங்கி யட்டியாந்தோட்டை பக்கமாக ஏறலாம். சுபஹு தொழுத கையோடு புறப்பட்டாலும் ஒரு நாளில் போய், படகேறி, திரும்பி வருவது பிள்ளைகளைக் களைக்கச் செய்யும் வேலை. களைத்த உடம்போடு ஆற்றில் இறங்குவதும் நல்லதல்ல. முதல் நாள் போய்த் தங்கிவிட்டு மறுநாள் காலையில் படகேறுவதுதான் சரி என்பது என் எண்ணம்.

அங்கே ஆறு வற்றாமல் இருப்பதற்கு முதற் காரணம் மழை. வவுனியாவில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களுக்குள் வந்து போய்விடுகிறது. கிதுல்கலவுக்கு மேலே உள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். பாவா ஆதம் மலை என்று நாம் சொல்லும் சிவனொளிபாத மலைத் தொடரிலும் அதைச் சூழ்ந்த உயர்நிலங்களிலும் விழும் அந்த மழை, மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா என்ற இரண்டு ஆறுகளாக இறங்குகிறது. இரண்டும் கிதுல்கலவுக்குச் சற்று மேலே ஒன்றுசேரும்போதுதான் களனி கங்கை என்ற பெயர் வருகிறது. 145 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு கொழும்பில் கடலை அடையும் முன் அந்த நகரத்துக்குக் குடிநீரும் கொடுக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் படகில் ஏறும் நீர், இயற்கையாக ஓடிவரும் நீர் மட்டுமல்ல. மேலே காசல்ரீ, மவுசாகலை என்ற இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே படிப்படியாக மின்நிலையங்கள். இந்த மலைச்சரிவு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார். ஆனால் முதலாவது லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. கிதுல்கலவுக்கு மிக அருகே, மேற்புறத்தில் உள்ளது பொல்பிட்டிய மின்நிலையம். அது இயங்கும்போது சுழலிகளைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் ஆற்றுக்கு வருகிறது. நிறுத்தினால் ஆறு மெலிகிறது. அதாவது, காலையில் முழங்காலளவாக இருந்த இடம், மழை ஒரு துளியும் விழாமலே மதியம் இடுப்பளவாகலாம். குளத்தின் துருசைத் திறந்தால் வாய்க்காலில் என்ன நடக்குமோ அதுதான், ஆனால் பன்மடங்கு பெரிதாக.

இதே நீருக்காக ஒரு வழக்காடலும் நடந்தது. கிதுல்கலவில் 35 மெகாவாற்று புரோட்லேண்ட்ஸ் மின்திட்டத்தின் வேலை 2013இல் தொடங்கியபோது, ஆற்றை மறித்து நீரைச் சுரங்கத்தினூடாகக் கொண்டுபோனால் படகோடும் பாறைப் பகுதி வற்றிவிடும் என்று படகு வழிகாட்டிகள் அஞ்சினார்கள். அந்த ஊர் இளைஞர் பலருக்கு அதுதான் தொழில். நாட்டுக்கு மின்சாரமும் வேண்டும், அவர்களுக்கு ஆறும் வேண்டும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. நமக்கு வேண்டிய பாடம் சிறியது: இன்று மேலிருந்து எந்த நேரத்தில் நீர் விடுகிறார்கள் என்று கேட்காமல் யாரும் அந்த ஆற்றில் கால் வைக்கக் கூடாது.

கிதுல்கலவுக்கு உலகப் பெயர் வந்தது படகால் அல்ல, ஒரு சினிமாப் படத்தால். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஓடும் குவாய் ஆற்றின் மீது யுத்தக் கைதிகள் பாலம் கட்டிய கதையை டேவிட் லீன் என்ற ஆங்கிலேய இயக்குநர் படமாக்கியபோது, தாய்லாந்துக்குப் போகாமல் கிதுல்கலவைத் தேர்ந்தெடுத்தார். களனியின் குறுக்கே மரப்பாலம் கட்டி, அதன்மேல் உண்மையான ரயிலை ஓட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1957இல் வெளிவந்த அந்தப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. வழிகாட்டிகள் இன்றும் பாலம் நின்ற இடத்தைக் காட்டுவார்கள்.

அவர்கள் காட்டாத ஒன்றையும் நம் மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். ஜப்பானியப் படை 1942–43இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட அந்த 415 கிலோமீற்றர் ரயில் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும் சாகவில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கொலராவாலும் பசியாலும் அங்கே மடிந்தார்கள். மலேசியத் தமிழர் அதைச் சயாம் மரண ரயில் என்று சொல்கிறார்கள். அந்தப் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. இன்று காஞ்சனபுரியும் ஓர் அழகிய ஆற்றுச் சுற்றுலா நகரம். மிதவை வீடுகள், படகுகள், அருவிகள், பாலத்தில் நின்று படமெடுப்போர் என்று எப்போதும் கலகலப்பாக இருக்கிறது.

இனி நீரின் கணக்குக்கு வருவோம்.

சமதரையில் ஆறு ஆழமாகவும் அமைதியாகவும் போகும். தரை சரிந்தால் வேகம் கூடும். சரிந்த இடத்தில் இரு கரையும் நெருங்கினால் அதே அளவு நீர் ஒடுங்கிய வழியால் போக வேண்டியிருப்பதால் இன்னும் விரையும். அந்த வழியில் பாறைகளும் கிடந்தால் நீர் அவற்றில் மோதி, ஏறி, விழுந்து, காற்றைத் தன்னோடு கலந்துகொள்ளும். அந்தக் காற்றுக் குமிழிகள்தான் நீரை வெள்ளையாகக் காட்டுகின்றன. வெள்ளை நீர் என்ற பெயர் அப்படி வந்தது. உலகெங்கும் இந்தப் பாய்ச்சல்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று, சிறுபிள்ளையும் போகக்கூடிய சிற்றலை. ஆறு, மிகத் தேர்ந்தவரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய இடம். கிதுல்கலவில் வழக்கமாகப் படகோடும் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றரில் உள்ளவை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தரங்கள். அவற்றுக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். 'ஹெட் சொப்பர்' என்றால் தலைவெட்டி, 'ரிப் கேஜ்' என்றால் விலாக்கூடு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பெயர் வைத்தவர்கள் வெளிநாட்டாரைக் கவர நினைத்திருப்பார்கள். ஆனால் தரம் என்பது நிலையானதல்ல. மழை கனத்துப் பெய்த மறுநாள் அதே மூன்றாம் தரம் நான்காகிவிடும்.

தேர்ந்த வழிகாட்டி நீரைப் புத்தகம்போல வாசிக்கிறார். இரண்டு பாறைகளுக்கிடையே, நம்மிலிருந்து விலகிக் கீழ்நோக்கி ஒடுங்கும் வழவழப்பான நாக்குப் போன்ற நீர் தெரிந்தால், அங்கே ஆழமும் வழியும் உண்டு. அதற்கு மாறாக, கூர்முனை நம்மை நோக்கி இருக்க, கீழே போகப்போக விரிந்தால், அந்த முனையில் நீருக்குச் சற்றுக் கீழே பாறை ஒளிந்திருக்கிறது. பெரிய பாறைகளின் பின்னால் நீர் அமைதியாகச் சுற்றிக்கொண்டு மேல்நோக்கித் திரும்பும். அது படகு நின்று இளைப்பாறும் இடம்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, நீர் ஒரு மேட்டைத் தாண்டி விழும் இடம். விழுந்த நீர் அடியில் ஓடிவிட, மேற்பரப்பு நீர் பின்னோக்கி உருண்டு விழும் நீரோடு மறுபடி சேரும். அதில் அகப்பட்ட கட்டை வெளியே போகாமல் அங்கேயே உருளும், ஆளும் அப்படித்தான். இதைப் பார்க்கக் கிதுல்கலவுக்குப் போக வேண்டியதில்லை. குளம் வான் பாயும்போது வானின் அடியில் நடப்பது இதேதான். இயற்கைப் பாறையில் எங்கோ ஓரிடத்தில் நீர் வெளியேற விலக்கு இருக்கும். கொங்கிறீற்று வானில் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஒரே சீராக உருளும், தப்ப விலக்கில்லை. அதனால்தான் ஆளுயரம்கூட இல்லாத வான் நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞனையும் அமிழ்த்திவிடுகிறது. மாரியில் வான் பார்க்கப் போய் அங்கே இறங்கி நின்று கைத்தொலைபேசியில் படமெடுக்கிறவர்கள் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும்.

நீர் தள்ளும் விசையையும் நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஒரு கன மீற்றர் நீரின் திணிவு 1000 கிலோகிராம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. முழங்காலளவு நீர்தானே என்று ஓடும் ஆற்றில் எழுந்து நிற்பவர், கால் இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் நீரால் முகங்குப்புற அமிழ்த்தப்படுவார். ஓடும் நீரில் விழுந்தால் எழும்பி நிற்காதே என்று வழிகாட்டிகள் முதல் விதியாகச் சொல்வது இதனால்தான். மல்லாந்து படுக்க வேண்டும். பாதங்கள் போகும் திசையை நோக்கி, விரல்கள் நீருக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் பாதம் தாங்கும், தலை தப்பும். ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரக்கிளையைப் பற்றிக்கொள்ளத்தான் மனம் சொல்லும். அது கூடாது. கிளை நீரை வடியவிட்டு ஆளை மட்டும் தேங்காய்ப்பூ வடிகட்டிபோலப் பிடித்துக்கொள்ளும்.

ராஃப்டிங் படகு பார்வைக்கு எளிமையானது. தடித்த ரப்பர்த் துணியால் ஆன காற்றறைகள் பல. ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை தாங்கும். அடித்தளத்தின் ஓரத் துளைகளால் உள்ளே விழும் நீர் தானாக வெளியேறும். ஆறேழு பேர் இரு ஓரங்களிலும் அமர்ந்து துடுப்புப் போடுவார்கள், வழிகாட்டி பின்னணியத்தில் இருந்து திசை திருப்புவார். கட்டளைகள் நாலைந்துதான்: முன்னே, பின்னே, நிறுத்து, குனிந்து பிடி. பெரும்பாலும் ஆங்கிலத்தில் சொல்வார்கள், சிலவேளை சிங்களத்தில். நம் பிள்ளைகள் அந்தச் சொற்களைக் கரையிலேயே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது. ஆற்றின் இரைச்சலுக்கு நடுவே மொழிபெயர்க்க நேரம் கிடைக்காது.

உயிரைக் காப்பது படகல்ல, உயிர்காப்பு அங்கிதான். நம் உடம்பு பெரும்பாலும் நீராலானது. நீருக்குள் அதன் நிறை சில கிலோதான். தலை மட்டும் வெளியே நிற்க மிகச் சிறு உதவி போதும். ஏழு கிலோவரை தாங்கும் ஓர் அங்கி, வளர்ந்த ஆளொருவரின் வாயையும் மூக்கையும் நீருக்கு மேலே வைத்துவிடும். ஆனால் அது உடம்போடு இறுகி இருக்க வேண்டும். அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுக்கும்போது அது காதுவரை ஏறினால், அந்த அங்கி போட்டும் போடாததுதான். வார்களை மறுபடி இறுக்க வேண்டும். தலைக்கவசமும் அப்படியே.

இங்கேதான் தென்கிழக்காசியாவின் இன்னோர் ஆற்று நகரத்தைச் சொல்ல வேண்டும். லாவோஸ் நாட்டில், தலைநகர் வியந்தியானுக்கு வடக்கே, வாங் வியெங் என்றோர் ஊர். செங்குத்தான சுண்ணக்கல் மலைகள், குகைகள், நெல்வயல்கள், நடுவே நாம் சொங் ஆறு. 1999 அளவில் அங்கே வந்த பயணிகள் லொறி ரயரின் ரியூபில் அமர்ந்து ஆற்றோடு மிதக்கத் தொடங்கினார்கள். சாந்தமான ஆறு. துடுப்பு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். விரைவில் உலகெங்குமிருந்து இளைஞர்கள் குவிந்தார்கள். கரை நெடுக மதுக்கடைகள் முளைத்தன. உயரத்திலிருந்து ஆற்றில் குதிக்க ஊஞ்சல் கயிறுகளும் சறுக்குப் பலகைகளும் கட்டினார்கள். கீழே எவ்வளவு ஆழம், எங்கே பாறை என்று யாரும் அளக்கவில்லை. 2011ஆம் ஆண்டில் மட்டும் அவ்வூர் ஆஸ்பத்திரி 27 சுற்றுலாப் பயணிகளின் மரணத்தைப் பதிவு செய்தது. மறு ஆண்டு அரசாங்கம் கரையோர மதுக்கடைகளை மூடியது, ஊஞ்சல்களைக் கழற்றியது. அதன்பின் அந்த ஊர் படகு, குகை, மலையேற்றம், வெப்பக்காற்றுப் பலூன் என்று வேறு முகம் காட்டத் தொடங்கியது. ஆயினும் 2024 நவம்பரில் மெதனோல் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டார் அங்கே இறந்தது உலகச் செய்தியாயிற்று.

இரண்டு ஆறுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். களனி சீறுகிறது, பாறையில் மோதுகிறது. நாம் சொங் மெல்ல நகர்கிறது. அத்தனை இளைஞர்கள் இறந்தது மெல்ல நகரும் ஆற்றில். நீர் அமைதியாகத் தெரிந்ததால் அங்கியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை, அச்சமும் இல்லை. களனியிலும் ஆட்கள் மூழ்குகிறார்கள். குளிக்கப் போனவர் மாண்ட செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. சீறும் இடத்தில் அங்கி போட்டுக்கொள்கிறோம், அமைதியான மடுவில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கிறோம்.

நம் ஊர்க் குளங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. ஆற்றுப் படகுக்கு மகளை விட அஞ்சும் அதே பெற்றோர், லீவு நாளில் பிள்ளைகள் குளத்துக்குப் போவதைப் பெரிதாக நினைப்பதில்லை. அலைகரையில் இறங்கினால் முழங்காலளவு. இன்னும் நாலடி வைத்தால், யாரோ மண் அள்ளிய கிடங்கு. கோடையில் வெறுந்தரையாக இருந்தபோது தோண்டியது, மாரியில் நீர் மூடியபின் கண்ணுக்குத் தெரியாது. தாமரைக் கொடி காலைச் சுற்றும். அங்கே அங்கியும் இல்லை, கயிறும் இல்லை, பார்த்துக்கொண்டு நிற்கும் பெரியவரும் பல நேரம் இல்லை. 2021இல் உலகம் முழுவதும் சுமார் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பான்மையினர் நம்முடையதைப் போன்ற நாடுகளில் வாழ்ந்தவர்கள். ஆண்டுதோறும் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக ஐக்கிய நாடுகள் சபை வைத்திருப்பது இதனால்தான்.

பெண்பிள்ளைகளுக்கு இதில் தனியான பங்குண்டு. 2004 சுனாமிக்குப் பின், 2005இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் அவர்கள் பார்த்த நான்கு கிராமங்களில் உயிர் தப்பியவர்கள் 676 பேர், அவர்களில் பெண்கள் 189 பேர் மட்டுமே. இலங்கையிலும் தமிழ்நாட்டுக் கடலூரிலும்கூடப் பெண்களே கூடுதலாக இறந்த இடங்களை அந்த அறிக்கை காட்டியது. பல காரணங்கள் சொன்னார்கள். பிள்ளைகளை விட்டு ஓட முடியாத தாய்மார், வீட்டுக்குள் இருந்த நேரம், இவற்றோடு இன்னொன்றும் உண்டு: நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கியிருந்தார்கள். நம் கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்கள் அன்று எவ்வளவு இழந்தன என்பதை இதை வாசிக்கும் பல வீடுகள் அறியும். நீச்சல் பொழுதுபோக்கென்றும் அது பெண்ணுக்கு எதற்கென்றும் கேட்பவர்களுக்கு 189 என்ற அந்த எண் போதும் என்று நினைக்கிறேன். சுனாமிக்குப் பின் தெற்கே வெலிகமவில் பெண்களுக்கென்றே, பெண் பயிற்றுநர்களைக் கொண்டு நீச்சல் பழக்கும் முயற்சியொன்று தொடங்கியது. ஒதுக்கமான இடமும் உடம்பை மறைக்கும் உடையும் பெண் ஆசிரியையும் இருந்தால் தடையாக நிற்பது என்ன? நம் ஊர்களில் பலவற்றில் அதற்கு ஒரு தடாகம் இல்லை என்பது உண்மையான குறை. ஆனால் மிதக்கப் பழகத் தடாகம் வேண்டியதில்லை. இடுப்பளவுக்கு மேற்படாத, அடி தெரிந்த, அசையாத நீரும் நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு பெண்ணும் போதும்.

சரி, பாடசாலை கிதுல்கலவுக்குப் போவதென்றே முடிவு செய்தால் பெற்றோர் என்ன கேட்க வேண்டும்? பஸ் கட்டணத்தையும் சாப்பாட்டையும் எல்லோரும் கேட்கிறோம். அவற்றுக்கு முன்பு கேட்க வேண்டியவை வேறு. அன்றைக்கு ஆற்றின் மட்டம் என்ன, அது கூடினால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? நிறுத்தினால் கட்டிய பணம் திரும்புமா? இது சின்னக் கேள்வியல்ல. பணம் திரும்பாதென்றால் ஆசிரியருக்கும் நிறுத்த மனம் வராது. பிள்ளைகளின் அளவுக்கு அங்கிகள் உண்டா, பெரியவர்களின் அங்கியையே சிறுமிக்கும் கட்டுகிறார்களா? ஒவ்வொரு படகிலும் எறிகயிறு உண்டா? படகுகளோடு கூடவே மீட்புக்கென்று தனிச் சிறுபடகு ஒன்று போகிறதா? புறப்படுமுன் கரையில் வைத்து விளக்கம் தருகிறார்களா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர் நல்ல வழிகாட்டி. "பயப்படாதீங்க, ஒன்றும் நடக்காது" என்று மட்டும் சொல்பவரிடமிருந்து பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரலாம்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆண்கள். இதை மறைத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அங்கே சங்கடப்படுவதைவிட, முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். நமது பிள்ளைகள் மட்டும் ஏறும் படகு, ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியை, கரையில் உடைமாற்ற மறைவான இடம் என்று கேட்டு வாங்கலாம். உடையைப் பொறுத்தவரை, தளர்ந்த பருத்தி அபாயா நீரில் நனைந்தால் பாரமாகிக் காலைச் சுற்றும். அது ஆற்றுக்கு ஏற்றதல்ல. உடல் முழுவதையும் மூடும், நீர் தங்காத நைலோன் நீச்சலுடைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டால் நீளக்கைச் சட்டையும் காற்சட்டையும், மேலே முழங்கால்வரை மேலாடையும் போதும். தலைத்துணி தொங்கல் இல்லாமல் கழுத்துக்குள் செருகப்பட்டு, அதன்மேல் தலைக்கவசம் வர வேண்டும். ஊசி ஒன்றுகூடக் கூடாது. விழுந்தால் உடம்பில் ஏறும். மோதிரம், மாலை வீட்டில் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், வாரால் இறுகும் சப்பாத்து வேண்டும். மூச்சு நோய், வலிப்பு, இதய நோய் உள்ள பிள்ளைகள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கரையிலிருந்தே பார்க்க விரும்பும் பிள்ளையைக் கேலி செய்யக் கூடாது. அந்தப் பிள்ளைக்கும் அங்கே பார்க்க நிறைய உண்டு. பெலிலென என்ற குகை அருகில்தான் இருக்கிறது. ஏறத்தாழ முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்து, சிறு கற்கருவிகள் செய்த இடம் அது.

ஆற்றங்கரையில் நிற்கும்போது கண்ணும் காதும் மேல்நோக்கி இருக்கட்டும். தெளிந்திருந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், சற்றுமுன் நீருக்கு மேலே தெரிந்த கல் மறைந்தால், மேலே மழை அல்லது வான்கதவு திறந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். கரையேற அதற்குப் பின் சில நிமிடங்களே கிடைக்கும்.

இறுதியாக, கிதுல்கலவுக்கு ஒருபோதும் போகாத பிள்ளைக்கும் உதவும் ஒன்று. குளத்திலோ ஆற்றிலோ ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால் உடனே குதித்துவிடாதீர்கள். மூழ்குபவர் எதையும் பற்றிக்கொள்வார், காப்பாற்றப் போனவரையும் சேர்த்தே அமிழ்த்துவார். சகோதரிகள் ஒருவரைக் காப்பாற்றப் போய் மற்றவரும் மாண்ட செய்திகள் நமக்குப் புதியவையல்ல. முதலில் சத்தமிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். கரையில் படுத்துக்கொண்டு கம்பையோ சேலையையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் மிதக்கும் எதையாவது எறியுங்கள். மூடி இறுக்கிய ஐந்து லீற்றர் வெறும் தண்ணீர்க் கான் ஒன்று ஏறத்தாழ ஐந்து கிலோவைத் தாங்கும். தலையை நீருக்கு மேலே வைக்க அது போதும். அதன் கைபிடியில் ஒரு நைலோன் கயிறு கட்டியிருந்தால் எறிந்து இழுக்கலாம். பெரிய செலவுள்ள சாமானும் இல்லை அது.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரெடுப்பதும் பழைய வழக்கம், தீமையானது. வயிற்றிலுள்ளது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். மூச்சில்லையென்றால் மல்லாத்தி, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாய்வழியே மூச்சுக் கொடுக்க வேண்டும். மூழ்கியவருக்குக் குறைவாக இருப்பது ஒட்சிசன்தான், ஆகவே இங்கே மூச்சுத்தான் முதல். அதன்பின் நெஞ்சின் நடுவே 30 அமுக்கல், 2 மூச்சு என்று நிறுத்தாமல் தொடர வேண்டும். இதை ஓர் அரைநாளில் பழக்கிவிடலாம். பாடசாலை முதலுதவி வகுப்பில் கேட்டால் பழக்குவார்கள். அதற்குள் இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, குளத்தின் பெயரையும் எந்தச் சந்தியால் உள்ளே வர வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு, வீதியில் போய் நிற்க வேண்டும். வன்னியின் குளத்துப் பாதைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது.